சத்தம் மட்டும் வருது

"சத்தம் மட்டும் வருதுப்பா, படம் போயிருச்சு" என்று மகன் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, எழுந்து போய்ப் பார்த்தால் மானிட்டர் கறுத்துக் கிடந்தது, சிக்னல் இல்லை என்கிற சின்னக் கட்டம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதுவும் அணைந்தது, மேஜைக்கு அடியில் இருந்த பெட்டி தன் விசிறிகளை எல்லாம் முழு வேகத்தில் சுழற்றி இரைந்துகொண்டிருந்தது, அவன் கழற்றி வைத்த ஹெட்போனுக்குள் துப்பாக்கி வெடிப்பதும், கூட விளையாடும் பையன்கள் அவனைத் தேடிக் கூப்பிடுவதும் பொடிப்பொடியாகக் கேட்டன.

இரண்டு வாரமாக இதே கதை. பாட்டுக் கேட்டாலோ, காலேஜ் வேலை செய்தாலோ ஒன்றும் ஆவதில்லை, பெரிய விளையாட்டு ஒன்றைத் திறந்து இருபது நிமிஷம் ஆகி, நெருப்பும் புகையுமாக ஒரு காட்சி வந்தால்தான் பட்டென்று போகும். அவனும் சும்மா இருக்கவில்லை, மானிட்டர் கேபிளை மாற்றிப் பார்த்தான், விண்டோஸை சேஃப் மோடில் திறந்து டிரைவரை வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான், கிராஃபிக்ஸ் கார்டின் சூடு எழுபத்திரண்டு டிகிரிக்கு மேல் போகவில்லை என்று எனக்குப் படம் போட்டே காட்டினான். சரிபார்க்கக் கொண்டுபோன இடத்தில் பெட்டியைத் திறக்காமலே, கிராஃபிக்ஸ் கார்டு போயிருச்சு சார், மாத்திரணும் என்றார்கள், அதன் விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. அன்றைக்கு ராத்திரிதான் நான் கீழே குனிந்து பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன், பச்சையும் நீலமுமாக மாறிக்கொண்டிருந்த விளக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு வாசனை மேலே வந்தது, சூடான தூசி, அதற்கு அடியில் மெலிசாக, கருகத் தொடங்கியும் தொடங்காத பிளாஸ்டிக், அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன், அது பெரியப்பா கடை வாசனை.

எங்கள் ஊர் ஆறுமுகநேரி பஜாரில் பெரியப்பாவின் ரேடியோ கடை எட்டடிக்குப் பத்தடி இருந்தால் அதிகம், உள்ளே நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஈயம் உருகும்போது எழும் ரோசின் புகை, ஏறக்குறைய குங்கிலியம் போட்டது போல இருக்கும், அதன் பின்னால் வால்வு ரேடியோக்களின் சூடான தூசியும், பெரியம்மா நாலு மணிக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பும் உடன்குடிக் கருப்பட்டிக் காப்பியும், இவை எல்லாவற்றுக்கும் மேலே உப்பளத்திலிருந்து வரும் ஈரக் காற்றும். கடைக்குள் வெளிச்சம் என்றால் ஒரு நாற்பது வாட் பல்பு, அப்புறம் ஏதாவது ஒரு பழைய பெட்டியின் முகப்பில் பூனைக்கண் போல எரியும் மேஜிக் ஐ, ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் அந்தப் பச்சை ஒடுங்கிச் சேரும், இலங்கை வானொலியில் அவர் அதை ஒடுக்கி வைத்துவிட்டால் மத்தியானம் முழுக்க யாரும் அந்தக் குமிழைத் தொடக்கூடாது.

பெரியப்பா வேலையைத் தொடங்குவதே விசித்திரமாக இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றியதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்குக் குனிவது போலக் குனிந்து, இடமிருந்து வலமாக ஒரு முறை மெதுவாக முகர்ந்துகொண்டு போவார். "எடுத்த உடனே ஸ்க்ரூடிரைவரத் தூக்காதல, மொத மூக்கக் கொண்டு போ" என்பது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், இரண்டாவது பாடம், "கரண்டு எந்த வழியா வருதோ அந்த வழியாவே நீயும் நடந்து வா". ஒரு பாகத்தை மாற்றினால் கருகிப்போனதைப் பேப்பரில் மடித்து, இதுதான் உங்க வீட்டுல போனது என்று கொண்டுவந்தவர் கையிலேயே கொடுப்பார், வேண்டாம் என்று விட்டுப்போனவை ஜன்னலோரம் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேரும், வெடித்த கண்டென்சரும் தோல் உரிந்த ரெசிஸ்டருமாக அது பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

கடைக்கு டிவி வந்தது கொஞ்சம் பிந்தி. சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் வந்தாயிற்று, ஆனால் அது எங்கள் பக்கம் எட்டவில்லை, எங்களுக்கு எட்டியது 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான், பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து கடல் தாண்டி வரும், அதனால் எங்கள் ஊர் ஆன்டெனாக்கள் எல்லாம் தென்கிழக்கே பார்த்து நின்றன. சாயங்காலம் பெரியப்பா மொட்டை மாடிக்குப் போய்ப் பனைமரங்களைப் பார்ப்பார், ஓலை அசையாமல் நின்றால், இன்னிக்குப் படம் நல்லா விழும் என்பார், அப்படியே விழும், காற்று அடித்தால் புள்ளி மழைதான். காற்று ஓய்ந்த புழுக்க நாட்களில் கடலுக்கு மேல் வெதுவெதுப்பான காற்று கூரை போலப் படிந்து, ஒளிபரப்பை வளைத்து வெகுதூரம் கொண்டுபோகும் என்று நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடு, பெரியப்பாவிடம் ஓலைதான் இருந்தது.

அந்த டிவியில் எந்தக் கோளாறும் சொல்லாமல் வந்ததில்லை. ஆறு மணிக்கு மேல் ஊரெல்லாம் விளக்கைப் போட்டு, தோட்டத்தில் மோட்டாரும் ஓடினால், படம் இரண்டு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும், ஸ்டெபிலைசர் டக் டக் என்று ரிலேயை மாற்றி இழுத்துப் பிடிக்கும், முடியாதபோது படம் நெளியும், மங்கும், அப்புறம்தான் போகும், அணைத்தாலும் ஒரு வெள்ளைப் புள்ளி நடுவில் கொஞ்ச நேரம் தங்கி நம்மைப் பார்த்துவிட்டுத்தான் போகும். சத்தம் இருக்கு படம் இல்லை என்று யாராவது வந்தால் பெரியப்பா படக்குழாய்க்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் ஈஹெச்டி பக்கம் முதலில் பார்ப்பார், ஆனால் பத்துக்கு ஆறு தடவை அவர் கண்டுபிடித்துக் கொடுத்தது உப்புக் காற்றில் களிம்பேறிய ஒரு இணைப்பைத்தான், பென்சில் அழிரப்பரை எடுத்துத் தகடு மினுங்கும் வரை தேய்த்து, உதிர்ந்த தூளை ஊதிவிட்டு மாட்டினால் படம் வந்துவிடும், அதற்கு அவர் காசு வாங்க மாட்டார்.

அழிரப்பரை நான் மறுபடி பார்த்தது தொண்ணூறுகளில், சென்னை ரிச்சி தெருவில். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பியதும் அந்தச் சந்துகளில் அதே ரோசின் புகை இருந்தது, டீயும் அட்டைப்பெட்டியும் வியர்வையும் கலந்து, மாடிப்படிக்கு அடியில் ஒரு பெரியவர் எஸ்எம்பிஎஸ் என்கிற கம்ப்யூட்டர் பவர் சப்ளை மட்டுமே பழுது பார்ப்பார், வாய் நிறைய வெற்றிலை என்பதால் பேச மாட்டார், கழற்றிய திருகுகளை டீக்கடைச் சாசரில் கழற்றிய வரிசையிலேயே வட்டமாக அடுக்குவார், ரேம் கொண்டுவந்தால் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து அதன் தங்கப் பற்களைத் தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். எனக்கு ஊர் ஞாபகம் வந்தால் ஒன்றும் வாங்க வேண்டியதில்லாவிட்டாலும் அங்கே போய் நிற்பேன். போன வருஷம் போனபோது அந்தப் படிக்கட்டின் கீழே மொபைல் உறைகள் தொங்கின.

இப்போதைய திரைகள் சுருங்குவதில்லை, நெளிவதில்லை, முழுசாக இருக்கும், இல்லையென்றால் அறவே இராது, அதுதான் என் மகனைப் போன்ற பிள்ளைகளைத் திகைக்க வைக்கிறது, எங்கே தொடங்குவது என்று பிடிபடுவதில்லை. ஆனால் உள்ளே நடப்பது பழைய சங்கதிதான். சத்தம் ஓடுகிறது என்றால் மதர்போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன, விளையாட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது, கார்டு மட்டும் மயங்கிவிட்டது. பாரம் ஏறும்போது மட்டும் மயங்குகிறது என்றால் ஊர் விளக்கெல்லாம் போட்ட ஆறு மணிதான் அது. "வேகத்தை அறுபது ஃபிரேமுக்குக் கட்டிப் போட்டு விளையாடிப் பாருடா" என்றேன், ஒரு மணி நேரம் படம் போகவே இல்லை.

அப்புறம் மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன், மகன் ஒன்றும் சொல்லாமல் போனில் வெளிச்சம் பிடித்தான். எஸ்எம்பிஎஸ் பக்கம் தூசி வாசனைதான், மதர்போர்டு பக்கம் ஒன்றுமில்லை, கார்டின் மேல்விளிம்பில், கரண்டு நுழைகிற இடத்தில், அது இருந்தது. கார்டுக்கு இரண்டு எட்டு முனை வாய்கள், ஒவ்வொன்றும் 150 வாட் வரை வாங்கலாம், ஆனால் பெட்டியை அசெம்பிள் செய்தவர்கள் ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளையும் அதில் செருகியிருந்தார்கள். இது 220 வாட் கார்டு, கேட்பதற்குச் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் 12 வோல்ட்டில் அது 18 ஆம்பியருக்கு மேல், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை, போதாததற்குக் காட்சி கனக்கும்போது இந்தக் கார்டுகள் ஒரு கண் இமைப்புக்கும் குறைந்த நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி எங்கோ எகிறும். கரண்டு இரண்டு மடங்கானால் தளர்ந்த இணைப்பில் சூடு நாலு மடங்கு. தலையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு துளையின் ஓரம் மட்டும் டீக்கறை போலப் பழுப்பேறியிருந்தது, கார்டின் பக்கத்துப் பின்கள் நல்லவேளையாகப் பளிச்சென்று இருந்தன.

எஸ்எம்பிஎஸ் வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தது, அதற்குள் இன்னும் பிரிக்காத பையில் அதற்கே உரிய இரண்டு கேபிள்கள் அப்படியே கிடந்தன. கடையில் தனியாக ஒன்று வாங்கிவிடலாமே என்றான் மகன், கூடாது என்றேன், இந்தக் கேபிள்களில் எஸ்எம்பிஎஸ் பக்கத்துக் கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தலை பொருந்தினாலும் வோல்ட்டேஜ் தப்பான காலில் போய்க் கார்டையே முடித்துவிடும். இரண்டு வாய்க்கும் தனித்தனியாக ஒவ்வொரு கேபிள், கிளிக் என்று கேட்கும் வரை அழுத்தி மாட்டினோம், மாட்டும் முன் கார்டை உருவி அதன் தங்கப் பற்களையும் அழிரப்பரால் ஒரு முறை தேய்த்தேன், தேவையிருக்கவில்லை, கை கேட்டது.

அவன் ராத்திரி இரண்டு மணி வரை விளையாடினான், ஃபிரேம் கட்டை அவிழ்த்துவிட்டு, நெருப்பும் புகையுமாக, படம் போகவில்லை, இன்று வரை போகவில்லை. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவ்வப்போது பெட்டிப் பக்கம் குனிந்துகொண்டிருந்தேன், தூசி மட்டும்தான் சூடாகிக்கொண்டிருந்தது. காலையில் அவன் அந்தப் பழைய கேபிளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடப் போனான், "இங்க கொடுடா, இதுதான் நம்ம வீட்டுல போனது" என்று வாங்கி, பழுப்பேறிய தலையை மட்டும் வெட்டி எடுத்து, அடுக்களையில் கண்ணாடி பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இப்போது எல்லாமே பிளாஸ்டிக்கில் வருகிறது, கடைசியில் கழுவிக் கவிழ்த்திருந்த ஓர் ஊறுகாய் பாட்டில் கிடைத்தது.