ஐந்து நொடி

திருச்சியை அடுத்த துவாக்குடியில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மதியம் அது. சோதனைக்கூடத்துக்குள், கைக்கடக்கமான ஒரு தொட்டியில் மைனஸ் 46 டிகிரி. ஆல்கஹாலில் உலர்பனிக்கட்டி போட்டுக் குளிர வைத்திருந்தார்கள். அதன் அடியில் மூன்று எஃகுத் துண்டுகள் கிடந்தன. 55 மி.மீ. நீளம், 10 மி.மீ. சதுரம், நடுவே 2 மி.மீ. ஆழத்தில் 'வி' வெட்டு.

பக்கத்துப் பட்டறையில் உருவாகும் புரொப்பேன் கலனுக்கான சோதனைத் துண்டுகள் அவை. கலனைப் பற்றவைத்த வெல்டரே, அவற்றை வெட்டியெடுத்த சோதனைத் தகட்டையும் பற்றவைத்திருந்தார். முப்பது வருட அனுபவம் உள்ள அவர், கைகட்டி ஓரமாக நின்றார்.

"எடுத்து அஞ்சு நொடிக்குள்ள அடிச்சாகணும் சார். தாமதிச்சா பீஸ் சூடாகிடும், கணக்குப் பொய்யாகிடும்" என்றார் சோதனை செய்யும் இளைஞர். அவருடைய இடுக்கியும் தொட்டிக்குள்ளேயே குளிர்ந்துகொண்டிருந்தது. எடுத்தார், வைத்தார், விசையைத் தட்டினார். ஊசல் சுத்தியல் இறங்கி, துண்டை முறித்துவிட்டு மறுபக்கம் ஏறியது. முறிக்கச் செலவான ஆற்றலைக் காட்டும் முள் 88 ஜூலில் நின்றது.

திருச்சி வெயிலில் எதற்கு இந்தக் குளிர்? புரொப்பேனின் கொதிநிலையே மைனஸ் 42 டிகிரி. கலனின் அழுத்தம் சட்டென்று இறங்கினால், ஊர் எத்தனை வெயிலாக இருந்தாலும் உள்ளிருக்கும் திரவம் கொதித்துக் கலனைக் குளிர்வித்துவிடும். கடலை மிட்டாய்ப் பாகு சூட்டில் வளையும், ஆறினால் 'படக்'கென்று முறியும். சாதாரண எஃகும் அப்படித்தான். குளிரில் அதன் அணு அடுக்குகள் எளிதில் வழுக்காது. வளைந்து தாங்க வழியில்லாதபோது விரிசல் ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில் நடந்தது அதுதான். சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், ஒரு வெப்பப் பரிமாற்றி மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்தது. சூடான எண்ணெயைத் திரும்ப விட்டதும் அது பிளந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள்.

இளைஞர் ஒரு டப்பாவைத் திறந்து, முன்பு தேறாமல் போன ஒரு துண்டைக் காட்டினார். 9 ஜூல். முறிந்த முகம் கல்கண்டை உடைத்ததுபோல மினுமினுத்தது. இன்று முறிந்ததோ மங்கிய சாம்பல் நிறத்தில், நார் நாராக இழுபட்டு, ஓரங்கள் பிதுங்கியிருந்தது.

"இந்த நார் எங்கிருந்து வருதுண்ணே?" என்று வெல்டரைக் கேட்டேன்.

"பொறுமையிலேருந்துதான் தம்பி. வெல்டிங் ராடை ஓவன்ல காயவச்சு, சூடு ஆறாம எடுக்கணும். சீக்கிரம் முடிக்கணும்னு அகலமா ஆட்டி நிரப்பினா சூடு ஏறி எஃகுக்குள்ள இருக்குற படிக மணி பெருத்துடும். ஒல்லியா ஒரு ஓட்டம் விட்டு, சூடு இறங்குற வரைக்கும் காத்திருக்கணும்."

சூடு காட்டும் சாக்பீஸால் தகட்டில் கோடு கிழித்துப் பார்ப்பாராம். கோடு உருகினால் இன்னும் உட்கார்ந்திருக்க வேண்டும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் பட்டறைகளில் அந்தக் காத்திருப்புக்குத் தனிக் காசு கிடையாது. ஆனால் கலனின் உயிர் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. அதற்கும் கூலி எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது 81. மூன்றாவது 85. முறிந்த பாதிகளைப் பொருத்தி, எண்ணிட்டுக் கட்டினார் இளைஞர். அதுவரை கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, வெல்டர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டறையில் அடுத்த வெல்டிங் தையல் காத்திருந்தது.