புளியங்கொட்டையும் ரெண்டு கோடு நோட்டும்

ஜூன் 16, 2025, திங்கள்

காலை ஐந்தரைக்கே எழில் நகர்ப் பக்கமிருந்து பெண்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று பழைய இடங்களிலேயே வீட்டு வேலை. வீடுதான் பெரும்பாக்கத்துக்கு வந்தது, பிழைப்பு அங்கேயே தங்கிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை, கூவம் கரை என்று பல இடங்களிலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் ஏராளம். எட்டு மாடி பிளாக்குகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எப்படியோ கிளம்பிப் போய்விடுகின்றன. இரண்டரை, மூன்று வயதுதான் சிக்கல். பால்வாடி திறக்கும்வரை பாட்டி பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆறாவது படிக்கிற அக்கா.

குடிசை இருந்த காலத்தைப் புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவர்களிடம் அதைப் பேசவும் கூடாது. ஆனால் ஒன்று உண்மை. சந்தில் மூன்று வயதுப் பிள்ளை வாசலைத் தாண்டினால் பத்துப் பேர் கேட்பார்கள்: "எங்கடா போற? இன்னா துன்ன? உங்க ஆயா எங்க?" பிள்ளை பத்து முறை பதில் சொல்லும். ஏழாவது மாடியில் கிரில் கதவைத் தாழ் போட்டாக வேண்டியிருக்கிறது. உள்ளே போன் பேசுகிறது. அது கேள்வி கேட்பதில்லை, பதிலுக்கும் காத்திருப்பதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் கொஞ்ச நேரம் பால்வாடியில் டீச்சருக்குக் கூடமாட ஒத்தாசை. சாயங்காலம் எங்கள் தெருவுக்கு எதிர் பிளாக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம். ட்யூஷன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எல்லோரும் ட்யூஷன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

முட்டை நாள். பால்வாடியில் வருகை அமோகம்.

டீச்சரின் காலைப்பொழுதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தலை சுற்றும். வந்த பிள்ளைகளைப் பதிவேட்டில் எழுதி, அதையே மறுபடி போனில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். அதற்குள் சத்துமாவு பாக்கெட் வாங்கக் கர்ப்பிணி ஒருத்தி வந்து நிற்கிறாள். எடை போட ஒரு கைக்குழந்தை. ஆயா சமையலில் இருக்கிறார், உப்பு போதவில்லை என்று குரல் கொடுக்கிறார். நடுவில் ஒரு பையனுக்கு ஜட்டி நனைந்துவிட்டது. இதற்கெல்லாம் நடுவே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' புத்தகத்தைத் திறக்க வேண்டும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே எழுதிய பாடத்திட்டம் அது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், பாட்டு, கதை, கை வேலை என்று நன்றாகவே செய்திருக்கிறார்கள். புத்தகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. திறப்பதற்கு ஆள்தான் வேண்டும்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்த இரண்டு பொருளாதார அறிஞர்களும் கணக்குப் போட்டே காட்டினார்கள். தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரை நாள் வேலைக்கு இன்னொரு ஆளைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஆளுக்குப் பிள்ளைகளோடு இருப்பது ஒன்றே வேலை. படிப்புக்குச் செலவான நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருஷத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் போய்விட்டன. எனக்கு வியப்பாக இருந்தது இன்னொரு விஷயம்: அந்த மையங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. யோசித்தால் வியப்பில்லை. பதிவேட்டையும் பாட்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கை விடுபட்டது, அவர் எடை போடுவதையும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதையும் ஒழுங்காகச் செய்தார்.

புது ஆளுக்குப் பெரிய பட்டமெல்லாம் தேவைப்படவில்லை, சில நாள் பயிற்சிதான் என்பதை டீச்சரிடம் சொன்னேன். "நமக்கும் ஒருத்தர அனுப்பச் சொல்லுங்க மேடம்" என்றார், பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.

ஜூன் 21, சனி

புளியங்கொட்டை நாள். புளி கொட்டை எடுக்கும் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தேன். (மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதுக்காரர்களுக்கு இது கிடையாது. அவர்களுக்கு மாவு உருண்டை.)

மூன்றரை வயசுப் பெண் ஒன்று. ஒன்றிலிருந்து இருபதுவரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதன் அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை. ஆறு கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். விரல் ஒரு வேகத்தில் போனது, வாய் இன்னொரு வேகத்தில். நான்காவது கொட்டையைத் தொடும்போது வாய் ஏழில் இருந்தது. பெண்ணின் விரலைப் பிடித்து, கொட்டையைத் தொட்டு நகர்த்தி வைத்த பிறகே அடுத்த எண் என்று ஒரு சட்டம் போட்டேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது: ஆறு.

"மொத்தம் எத்தனை?" என்றேன்.

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் பேர் என்பது நமக்கு எவ்வளவு சாதாரணம். பிள்ளைக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. சிலதுக்கு மூன்றரையில் வரும், சிலதுக்கு நாலரையில். ஜெல்மன், காலிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-ல் எண்ணுவதற்கு அடியில் என்னென்ன விதிகள் இருக்கின்றன என்று பிரித்துச் சொன்னார்கள். அதைப் படிப்பதற்கு முன்னால் எத்தனையோ வருஷம், "இருவது வரைக்கும் தெரியுது, கூட்டல் மட்டும் ஏறலையே" என்று ஒன்றாம் வகுப்பில் நான் அலுத்துக்கொண்டதுண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது ஒரு பாட்டு. எண் இன்னும் தெரிந்திருக்கவில்லை.

இதற்கு டப்பா விளையாட்டுச் சாமான் வேண்டாம். "உங்க அண்ணனுக்கு ரெண்டு இட்லி வை, உனக்கு ஒண்ணு வை, மொத்தம் எத்தினி?" போதும். தட்டு போடும்போது ஆளுக்கொரு தட்டு. படி ஏறும்போது படிக்கு ஒரு எண். எட்டு மாடி இருக்கிறது, எண்ணுவதற்குப் படிக்குப் பஞ்சமில்லை.

ஜூன் 25, புதன்

இன்று ஒரு சண்டை. செல்லச் சண்டைதான்.

ஒரு தாய் ரெண்டு கோடு நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு வந்தாள். பையனுக்கு மூன்று முடிந்து சில வாரங்கள். "இன்னா டீச்சர், எப்பப் பாத்தாலும் வெளாட்டே காட்றீங்க? எதிர் ஊட்டுப் பொண்ணு ஏபிசிடி பூரா எய்துது. எம்புள்ள கோடு கூட போட மாட்டேங்குறான்."

பையனின் கையை எடுத்துக் காட்டினேன். மணிக்கட்டில் எட்டு எலும்பு உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிகூடச் சரியாக எலும்பாகியிருக்காது, மற்றவை இன்னும் குருத்தாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து 'அ' போடு என்றால் தோளிலிருந்து இழுத்துத்தான் போடுவான். பத்து நிமிஷத்தில் கை வலிக்கும், இரண்டு மாதத்தில் நோட்டைக் கண்டாலே ஓடுவான். முதலில் விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசையட்டும், வேர்க்கடலை உரிக்கட்டும், துணி கிளிப்பை அமுக்கிக் கொடியில் மாட்டட்டும். ஈரத் தரையில் விரலால் கோடு இழுக்கட்டும். கோலப் புள்ளி வைக்கட்டும், கோணலாக இருந்தால் என்ன.

அவள் ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லவும் மாட்டேன். இந்த ஊரில் ஒரு பிள்ளை படிக்கிறது என்பதற்கு அத்தாட்சி நோட்டுதான். சாயங்காலம் புருஷனிடம் புளியங்கொட்டையைக் காட்டி என்ன சொல்வாள்? கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு மனு போடுவதும் எல்கேஜி வயதில்தான். இந்த ஆசையைப் பார்த்துத்தான் அரசும் 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகத்திலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தது. 2022-ல் அதை நிறுத்துவதாகப் பேச்சு வந்தபோது எழுந்த எதிர்ப்பில் மாதம் 5,000 ரூபாய்க்குச் சிறப்பாசிரியர் போட்டுத் தொடர வேண்டியதாயிற்று. எல்கேஜி என்ற பலகைக்குப் பெற்றோர் கொடுக்கும் மதிப்பு அப்படி. அந்தச் சம்பளத்தில் எல்கேஜி நடத்துபவருக்கு நாம் கொடுக்கும் மதிப்பு என்ன என்பது வேறு கேள்வி.

கடைசியில் ஒரு உடன்பாடு. நோட்டு என்னிடம் இருக்கும். பையன் தினமும் அதில் தன் இஷ்டத்துக்கு ஏதாவது கிறுக்குவான். அது என்ன என்று அவன் சொல்வதை நான் கீழே எழுதுவேன். இன்றைய பக்கத்தில் ஒரு சுழி. "தண்ணி லாரி" என்றான். எழுதிப் படித்துக் காட்டினேன். தான் சொன்னது காகிதத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னொரு வாட்டி படி" என்றான். எழுத்து எதற்கு என்பது அவனுக்குப் பிடிபட்டால் எப்படி என்பது பின்னாலேயே வரும்.

ஜூலை 1, செவ்வாய்

1982-ல் இதே தேதியில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகள் பால்வாடிக்கு வந்து உட்கார்ந்ததற்கு அந்தச் சாப்பாடு பெரிய காரணம். அதற்கும் முன்னால், 1975 அக்டோபர் 2-ல், நாடு முழுக்க 33 இடங்களில் அங்கன்வாடிகளை நடத்தும் ஐசிடிஎஸ் திட்டம் ஆரம்பித்தது. அதற்கு வித்திட்டவற்றில் ஒன்று, பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகள் பற்றி 1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை. எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி என்றே பலர் சொல்வார்கள். 'வாசவேச்வரம்' எழுதிய கிருத்திகாவின் மகள் என்று சொன்னால் இலக்கியக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவருடைய சொந்த வேலையைச் சொல்லி அவரை அடையாளம் காட்டுபவர்கள் குறைவு. பொம்மைக் கடைக்குப் போகாமல் கையில் கிடைப்பதை வைத்து விளையாட்டுச் சொல்லித்தரும் வழிகளைப் பால்வாடி ஆசிரியைகளுக்காக எழுதியவர்.

வயிற்றுக்குச் சோறு என்ற பாதி இங்கே பெரும்பாலும் நடக்கிறது. பேச்சுக்கு ஆள் என்ற மற்ற பாதிதான் இழுபறி.

ஜூலை 5, சனி

அடையாறு போய் வந்தேன், பழைய சிநேகிதியைப் பார்க்க. திரும்பும்போது தியசாபிகல் சொசைட்டி மதில் வழியாக பஸ் வந்தது. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி இங்கேதான் வந்து இறங்கினார், அறுபத்தொன்பது வயதில். சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர், உலகப் போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. ஓலைக் கொட்டகையில் வகுப்பு. ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் கீழ்த்தளத்து அறையில், பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்காக 1907-ல் ஆரம்பித்தது அவருடைய முதல் பள்ளி. இன்று அவர் பெயரைப் பலகையில் போட்ட பள்ளிகளில் பீஸ் கேட்டால் நம் பிளாக்குக்காரர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். அடையாற்றங்கரையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் பாயில் உட்கார்ந்து, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய 'ட'வை விரலால் தடவுகிறார்கள். உப்புத்தாள் எழுத்து அந்த அம்மாவின் யோசனை. ஹார்டுவேர் கடையில் ஒரு தாள் வாங்கினால் பத்துப் பன்னிரண்டு எழுத்து வெட்டலாம்.

சாயங்காலம் கைதட்டு விளையாட்டு. பெயரைத் துண்டு துண்டாகச் சொல்லித் தட்ட வேண்டும். 'ஆ-யா' இரண்டு தட்டு. 'பெ-ரும்-பாக்-கம்' நான்கு. 'மு-ரு-கா' மூன்று. சொல்லுக்குள் ஓசைகள் தனித்தனியாக இருக்கின்றன என்று காது பிரித்துக் கேட்கப் பழகினால்தான் பிறகு எழுத்துக்கூட்டல் வரும். 247 எழுத்தின் அட்டவணையைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. மீன் விற்கிற அப்பா ஒருவர் மகனைக் கூட்டிப் போக வந்தவர், நின்று பார்த்துவிட்டு, "வஞ்-ச-ரம்" என்று தட்டினார். பிறகு சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று எல்லா மீனும் தட்டுப்பட்டன. இத்தனை நாளில் உருப்படியான வகுப்பு என்றால் இதுதான், எடுத்தது அவர்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ராத்திரி படுக்கும்போது, மார்க்கெட்டில் நடந்ததை ஒன்று அவனுக்குச் சொல்லுங்கள், அவன் இங்கே நடந்ததை ஒன்று சொல்லட்டும். முதலில் என்ன, அப்புறம் என்ன, ஏன் என்று கேளுங்கள். "அவ்ளோதானா?" என்றார் நம்பாமல்.

ஜூலை 13, ஞாயிறு

தாய்மார்கள் கூடினார்கள். ஞாயிறானதால் வீட்டு வேலைக்காரப் பெண்களும் பாதிப்பேர் இருந்தார்கள். நான் ஆகஸ்டில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும், பிரசவம். இரண்டு மணி நேரம் யார் உட்காருவது என்பதே பேச்சு.

காலேஜ் பையன்கள் ஞாயிறு மட்டும் வருவார்கள், அது உதவாது. இரண்டாவது மாடியில் பூக்கட்டும் பாட்டியின் பெயரை நான் சொன்னேன். "எய்தப் படிக்கத் தெரியாத கெயவி டீச்சர்" என்று ஒருத்தி இழுத்தாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள் என்றேன். நாலு மல்லி, ஒரு மரிக்கொழுந்து என்று கட்டும்போதே பேத்தியிடம் அடுத்தது எது என்று கேட்கிறது. முழம் போடச் சொல்கிறது. பதில் வரும்வரை நாரை இழுக்காமல் காத்திருக்கிறது. விடுகதைக்குக் குறைவில்லை. வரைவதற்கும் எழுத்துக்கும் நோட்டு எழுதவும் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண் ஒன்று உண்டு, அதைக் கூட உட்கார வைக்கலாம்.

பாட்டியையே கூப்பிட்டுக் கேட்டோம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் பூ கட்டாவிட்டால் அன்றைய வரும்படி போகும், அதை யார் கொடுப்பது என்று நேராகவே கேட்டது. நியாயமான கேள்வி. வீட்டுக்கு மாதம் நூறு என்றாள் ஒருத்தி. ஐம்பதுக்கு மேல் முடியாது என்றது பின்வரிசை. இலவசமாகச் செய்யட்டுமே, பிள்ளைங்கதானே என்று ஒரு குரல் வந்தது, அதை நான் ஒப்பவில்லை. புதன்கிழமை மறுபடி பேசுவதாகக் கலைந்தோம். அதற்குள் பால்வாடி டீச்சரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பாட்டி காலையில் அங்கேயும் கொஞ்சம் உட்கார முடியுமா என்று.