தாம்பரமா? கடற்கரையா?

'பையன் அமெரிக்காவிலேர்ந்து வர்றான்' என்று ஹவுஸ் ஓனர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பையன் வருவானோ, மாட்டானோ... நாம் கிளம்ப வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் ஓனர் இந்தச் செய்தியை ஒரு தட்டு மைசூர்பாகுடன் வந்து சொன்னார். மைசூர்பாகு கரைந்துவிட்டது. செய்திதான் தொண்டையில் நின்றது.

அன்று ராத்திரியே குடும்ப மாநாடு கூடியது. எல்.கே.ஜி. படிக்கும் மகளுக்கு ஓட்டுரிமை இல்லாததால் மொத்தம் மூன்று ஓட்டு.

என் மனைவிக்கு ஆபீஸ் சோழிங்கநல்லூரில். "தினம் மூணு மணி நேரம் பஸ்ஸுலயே போகுதுங்க. கிழக்கால எங்கேயாவது போயிடலாம்" என்றாள்.

நான் 'தாம்பரத்தை விட்டு நகரமாட்டேன்' கட்சி. என் தொழில் பத்திரிகைகளுக்கு எழுதுவது. எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாலும் சன்மானம் ஒன்றுதான். ஆனால் கடன் சொல்லி டீ குடிக்க எல்லா ஊரிலும் முடியாதே!

அப்பா கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"நீலாங்கரை பக்கம் பாரேன்டா."

"அங்கே எதுக்குப்பா?"

"கடல் இருக்குல்ல..."

நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவுக்கு 72 வயசு. இரண்டாவது டம்ளர் காபியைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா 32 வருஷம் தாம்பரம் - கடற்கரை எலெக்ட்ரிக் ரயிலில் ஆபீஸ் போய் வந்தவர். 1931-ல் மீட்டர் கேஜில் ஆரம்பித்த லைன் அது. 2004-ல் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓய்வு பெற்றபோதும் அப்பா ஓய்வு பெறாமல் அகலப் பாதை வண்டிக்கு மாறினார். சீசன் டிக்கெட்டில் மாசா மாசம் 'கடற்கரை' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள்.

ஆனால் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பீச் எங்கே இருக்கிறது? எதிரே ராஜாஜி சாலை. அதைத் தாண்டினால் துறைமுகம். அந்தச் சாலைக்குப் பழைய பெயரே ஃபர்ஸ்ட் லைன் பீச். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அலை அதன் ஓரம் வரை வந்துகொண்டிருந்தது. துறைமுகம் வந்தது, கடல் தள்ளிப் போனது, பெயர் மட்டும் வேலையை விடாமல் நிற்கிறது. 32 வருஷம் கடற்கரைக்கு டிக்கெட் வாங்கிய மனுஷர், கடலைப் பார்த்தது காணும் பொங்கலுக்குக் காணும் பொங்கல்!

சரி, பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். நான் பி.காம். என்பதால் ஒரு நோட்டைப் பிரித்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் கடல். வலது பக்கம் தாம்பரம். நேர்கோடாகப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர்தான்.

*கடல் கணக்கு*

ஞாயிற்றுக்கிழமை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆர். போனேன். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று வரிசையாக வீடு பார்த்தோம். 1966-ல் ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தை ஆரம்பித்தபோது அங்கே மணலும் சவுக்கும்தான். இப்போது மணல் விலையைக் கேட்டால் ஓவியர்களே மயங்கி விழுவார்கள்.

புரோக்கர் ஒரு மூன்றாவது மாடிக்கு ஏற்றினார். "சார், பால்கனியிலேர்ந்து கடல் தெரியும்."

தெரியவில்லை.

"கொஞ்சம் இப்படி வாங்க. தலையைச் சாய்ங்க... இன்னும் கொஞ்சம்... அதோ!"

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளையின் ரிப்பன் அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அந்த ரிப்பனுக்காக வாடகையில் 6 ஆயிரம் கூடுதல். நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்வான்ஸ் பத்து மாசம் என்றார் புரோக்கர். "மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2019-லேர்ந்து சட்டமே இருக்கே" என்றேன்.

"அது கவர்மென்ட் சொல்றது சார். இது ஓனர் சொல்றது."

கடலுக்கு வரவு எழுத வேண்டியது நிறைய. முதலில் காற்று. கோடையில் மத்தியானம் வாக்கில் கடல் காற்று கிளம்பினால் முதல் மரியாதை கரையோரத்துக்குத்தான். உள்ளே வர வர சூடாகி, இளைத்து, தாம்பரத்துக்கு வரும்போது மாலை டிபன் நேரம் ஆகிவிடும். சில நாள் வராமலே லீவு போட்டுவிடும். டி.வி.யில் நுங்கம்பாக்கம் இத்தனை, மீனம்பாக்கம் இத்தனை என்று வெயில் சொல்வார்களே... கோடையில் பெரும்பாலும் மீனம்பாக்கம்தான் ஒன்றிரண்டு டிகிரி முன்னால் நிற்கும். காரணம் இதுதான்.

அடுத்து பற்று. கீழ் வீட்டு அம்மாள் தன் வீட்டு கேட்டைக் காட்டினார். மூன்றே வருஷத்தில் கீல் பொரிந்து உதிர்ந்திருந்தது. "காத்து நல்லாத்தான் வரும் தம்பி. அதுல உப்பும் சேர்ந்து வரும். ஏ.சி. மிஷின், சைக்கிள் செயின், கிரைண்டர் ஸ்டாண்டு எல்லாத்தையும் தின்னுடும்."

தண்ணீர் கதை இன்னும் சுவாரஸ்யம். கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைவு, அதனால் மேலே. நாம் உறிஞ்சி உறிஞ்சி, நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்பு சுமார் 40 அடி மேலே ஏறும் என்பது நூறு வருஷத்துக்கும் பழைய விஞ்ஞானக் கணக்கு. ஒரு ரூபாய் எடுத்தால் 40 ரூபாய் கடன்! கந்துவட்டிக்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

அதனால்தான் கடலையே காய்ச்சிக் குடிக்கிற மாதிரி நெம்மேலியில் 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் ஆலை வந்தது. 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. இருந்தும் லாரித் தண்ணீரை நம்பி வாழும் அடுக்குமாடிகள் அந்தப் பக்கம் ஏராளம். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது 'தண்ணி இல்லை, வீட்டிலேர்ந்தே வேலை பாருங்க' என்று ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில சொன்னதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. கொரோனாவுக்கு முன்னாலேயே அவளுக்கு ஒத்திகை ஆகிவிட்டது.

*தாம்பரம் கணக்கு*

தாம்பரத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். இந்தப் பக்கம் மனுஷன் வீடு பார்க்க ஆரம்பித்தது நேற்று முந்தாநாள் இல்லை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்கிற நிலவியல் நிபுணர், கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பக்கத்துப் பல்லாவரத்தில்தான். அந்த ஆள் எத்தனை மாச அட்வான்ஸ் கொடுத்தானோ!

காற்று நல்லது என்று 1928-ல் காசநோய் ஆஸ்பத்திரி வந்தது தாம்பரத்துக்கு. அதனால்தான் ரயில்வே ஸ்டேஷனுக்கே 'சானடோரியம்' என்று பெயர். கடலுக்குப் பக்கத்தில் பாரிமுனை ஓரம் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி, 1937-ல் மூட்டை கட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்தது. கடலை விட்டுத் தாம்பரம் வந்தவர்களில் பெரிய குடித்தனம் அதுதான். 2021 முதல் நாங்கள் தனி மாநகராட்சிவேறு.

இதையெல்லாம் அப்பாவிடம் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"முடிச்சூரை எந்தப் பக்கம் எழுதியிருக்கே?" என்றார்.

நான் நோட்டை மூடிவிட்டேன்.

2015 டிசம்பர் 1. அப்போது நாங்கள் முடிச்சூர் பக்கம் தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அடையாறு கரையை மறந்தது. விடியற்காலை என்னை எழுப்பியது மழைச் சத்தம் இல்லை. வாசலில் கிடந்த செருப்பு கட்டில் காலில் வந்து இடித்த சத்தம்.

அப்பாவைத் தோளில் சாய்த்துப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றினேன். இரண்டு ராத்திரி அங்கேதான். மூன்றாம் நாள் இறங்கி வந்து பீரோவைத் திறந்தோம். கீழ்த்தட்டில் அப்பா - அம்மா கல்யாண ஆல்பம் இருந்தது. அம்மா தவறி அப்போது நாலு வருஷம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாலை தெரிந்தது, மேளக்காரர் தெரிந்தார். அம்மா முகம் இருந்த இடமெல்லாம் சாயம் கரைந்து போயிருந்தது. அப்பா எதுவும் பேசாமல் ஆல்பத்தை வெயிலில் காயவைத்துவிட்டு, வீட்டைக் கழுவத் துடைப்பம் தேடப் போனார்.

"கடல் எங்கே இருக்குன்னு நமக்குத் தெரியும்டா" என்றார் இப்போது. "ஏரித் தண்ணி எங்கேர்ந்து வரும்னே தெரியாது."

"2004-ல சுனாமி வந்துச்சேப்பா? அதுவும் ஞாயித்துக்கெழமை காலையில..."

"அது ஒரு தடவை. முடிச்சூர்ல 2023 மிக்ஜாமுக்கும் தண்ணி நின்னுச்சு."

பி.காம். படித்த என்னை மடக்கிவிட்டார் பழைய எஸ்.எஸ்.எல்.சி.

*தண்ணீர் எங்கே போகும்?*

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வாடகை, வாஸ்து, வென்டிலேஷன் எல்லாம் அப்புறம். இந்தத் தென்சென்னையில் வீடு பார்ப்பதென்றால், எந்தத் தண்ணீரோடு குடித்தனம் நடத்தப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் போகிற வழியைத் தேடினேன்.

மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத் தண்ணீர் அடையாற்றில் சேர்ந்து, திருநீர்மலை, அனகாபுத்தூர் தாண்டிக் கடலுக்குப் போகிறது. கிழக்குப் பக்கத்தில் ஏரிக்கு ஏரி சங்கிலி. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் விழுகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய். அப்புறம் முட்டுக்காடு பக்கம் கடல். 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் பட்டியலில் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. கிடைத்தபோது பழைய சதுப்பில் சிறு பங்குதான் மிச்சம். மீதியில் நம் ஆட்கள் பால் காய்ச்சிக் குடிபோய்விட்டார்கள். தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடி வருகிறது. அவ்வளவுதான்.

முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கலில் அது ஒட்டிக்கொண்டே இருக்கிறது. திருநீர்மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தல வரலாறு. நாம்தான் பிளாட் போட்டு 'கார்டன்', 'நகர்' என்று பெயரை மாற்றி ஏமாந்துபோகிறோம்.

ஆகவே நண்பர்களே, என் அனுபவத்தில் சொல்கிறேன். வீடு பார்க்க மே மாசம் போகாதீர்கள். நவம்பரில், மழை விட்ட மறுநாள் போங்கள். காம்பவுண்டுச் சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள். முக்கியமாக, புரோக்கரிடம் கேட்காதீர்கள். 'இங்கே தண்ணியே வராது சார்' என்பார். மே மாசம் குழாயைத் திறந்தால் அதுவும் உண்மையாக இருக்கும்! தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். வண்டியை எந்த வருஷம் எந்த மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார் என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்படி ஓர் இஸ்திரிக்காரர் சொல்லித்தான், கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு முதல் மாடி வீடு கிடைத்தது. ஏரிக்கு மேட்டுப் பக்கம். "2015-ல இந்தத் தெருவுல முழங்கால்கூட நனையல சார்" என்றார். மனைவிக்கு ஆபீஸ் போக ஒரே பஸ், தினம் ஒரு மணி நேரம் மிச்சம். எனக்குத் தாம்பரம் தாம்பரமாகவே இருக்கிறது. டீக்கடைக் கணக்கை மட்டும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவுக்குத்தான் கணக்கு உதைத்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, குற்றவாளி மாதிரி அவர் முன்னால் நின்றேன்.

"மாடிதானே?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"ஆல்பத்தை மேல் பரண்ல வெச்சுடு" என்று மட்டும் சொன்னார்.

குடிவந்த மறுவாரம் ஒரு நாள் சாயங்காலம் அவரைக் காணோம். ராத்திரி எட்டு மணிக்கு வந்தார். வேட்டி நுனி ஈரம். கால் விரல் நடுவிலெல்லாம் மணல்.

"எங்கேப்பா போனீங்க?"

சட்டைப்பையிலிருந்து சீனியர் சிட்டிசன் பஸ் டோக்கன்களை எடுத்து டேபிளில் பரப்பினார். மாநகர பஸ்ஸில் 60 வயசு தாண்டியவர்களுக்கு மாசம் 10 டோக்கன் இலவசம்.

"கேம்ப் ரோட்ல ஏறினா மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா நேரா திருவான்மியூர்டா. போக ஒண்ணு, வர ஒண்ணு. மாசத்துக்கு 5 கடல்!"

டோக்கன்களை மறுபடி எண்ணிப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் கவலையோடு கேட்டார்:

"பிப்ரவரிக்கு நாள்தானே குறைச்சல்... டோக்கனைக் குறைச்சுட மாட்டாங்களே?"