வேடந்தாங்கல் ஏரிக்கரையில்

எங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஆம் ஆண்டில் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்களைப் படமெடுத்துக் கை பழகிய நெசவாளர் வீட்டு இளைஞர் ஒருவர், சில வருஷங்களாகத் தம் கவனம் முழுவதையும் நீர்ப்பறவைகளின் மேல் திருப்பியிருக்கிறார். அந்தத் தொழிலை அருகிலிருந்து பார்க்கும் ஆசையால், தை மாதக் கடைசியில், விடியுமுன் பாலாற்றைக் கடந்து, உத்திரமேரூர் மார்க்கமாக அவருடன் வேடந்தாங்கலுக்குப் பிரயாணமானேன்.

ஏரி பெரியதல்ல, சுமார் 74 ஏக்கர்தான். ஆயினும் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரையும், மஞ்சள்மூக்கு நாரையும், கூழைக்கடாவும், அரிவாள்மூக்கனும் இலை தெரியாமல் அடைந்துகிடந்தன. கரையேறியதும் நம்மை முதலில் எதிர்கொள்வது அந்தக் காட்சியன்று, எச்சத்தின் வாடை. இந்தச் சரணாலயத்தின் ஆதிகாரணமே அதுதான். எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் பாயும் வயலில் நெல் செழிப்பதை அனுபவத்தில் கண்டிருந்த இவ்வூர்க் குடியானவர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவதைப் பொறுக்கமாட்டாமல், செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-இல் ஒரு சாசனம் பெற்றார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அரசாங்கம் சரணாலயமென அங்கீகரித்தது 1936-இல். ராம்சர் பட்டியலில் ஏறியது 2022-இல். கொல்லாமையைப் பரம தர்மமாகக் கொண்ட ஜினர் ஊர்க்காரனாகிய எனக்கு, ஜீவகாருண்யத்தைக் காட்டிலும் நெல் கணக்கே இத்தனை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்தது என்று ஒப்புக்கொள்ளச் சிறிது சங்கடந்தான். ஆனால் லாபத்தோடு கைகோத்த தர்மத்துக்கு ஆயுள் கெட்டி என்பது என் அபிப்பிராயம்.

இளைஞர் முதலில் பார்த்தது பறவையையல்ல, காற்றை. பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும்; ஆகையால் காற்று தம் முதுகில் படும்படி நின்றால்தான் அதன் முகம் கிடைக்கும், இல்லாவிட்டால் வால்தான் என்றார். வெள்ளைக் கொக்கு இருண்ட இலைகளுக்கு முன் நிற்கையில், இயந்திரம் தானாக அளக்கும் வெளிச்சத்தை நம்பினால் இறகின் வரிகள் அழிந்து சுண்ணாம்புத் திட்டாகிவிடுமாம். அதனால் அளவைச் சற்றுக் குறைத்துவைக்கிறார். தறியில் இழை அறுவதைக் கண் காணுமுன் கை உணர்வதுபோல, நாரை உடலைத் தாழ்த்தி முன்னே சாய்கிற அந்தக் கணத்திலேயே அவர் விரல் அழுந்திவிடுகிறது. வேடந்தாங்கலைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), தாமே பாகங்களைக் கோத்து ‘சூப்பர் பாண்டெரோசா’ எனப் பெயரிட்ட காமிராவில், கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்றாக எடுத்தார். இன்றைய கருவிகள் கண்மூடித் திறப்பதற்குள் இருபது படம் எடுத்துத் தள்ளுகின்றன. அவற்றில் பத்தொன்பதை அழிப்பதும் ஒரு வித்தையாகிவிட்டது!

பறப்பதைப் படமெடுக்கக் கரையெங்கும் பலர் முக்காலியோடு நின்றார்கள். எங்களுக்கு வேறொன்றைக் காட்டியவர் வனத்துறை வாட்சர், இந்தப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி, வெயில் ஏறட்டும். குஞ்சுக்குத் தாய் எப்படி நிழல் குடுக்குது பாருங்க.”

அவ்வாறே, வெயில் உறைக்கத் தொடங்கியதும், மஞ்சள்மூக்கு நாரை ஒன்று கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு சிறகுகளையும் தாழ விரித்தது. அதன் நிழலுக்குள் மூன்று குஞ்சுகளும் ஒண்டிக்கொண்டன. சற்றுப் பொறுத்து, இணைப்பறவை வந்திறங்கி, அலகில் ஏந்திவந்த நீரைக் குஞ்சுகளின் திறந்த வாய்களில் கக்கிற்று. இளைஞர் மூச்சடக்கி எடுத்த படத்தை வாட்சர் குனிந்து பார்த்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா இதுல ஒரு கூடுதானே இருக்கு? அந்தக் கோடி மரம் முழுசும் விழற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க தம்பி, கூடு எண்ணறதுக்கு ஆகும்.”

“அதுக்கென்ன அண்ணே” என்று லென்ஸை மாற்றிய இளைஞர், எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாத அந்தப் படத்தை, ஒரு கூட்டைக்கூடக் கிளை மறைத்துவிடலாகாதென்று இடம் மாற்றி மாற்றி நின்று எடுத்தார்.