சீமெண்ணெய் வைத்தியம்

டெல்டாவில் ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பழைய ஆயிலை வடித்ததும் உள்ளே சீமெண்ணெய் ஊற்றி அலசிவிட்டுத்தான் புது ஆயில் ஊற்ற வேண்டும் என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. இலவச மின்சாரம் வந்து, கொட்டகைக்குக் கொட்டகை மோட்டார் ஏறி, எஞ்சின்களில் பாதி காயலான் கடைக்குப் போன பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. டிராக்டருக்கும் காருக்கும்கூடத் தொற்றிக்கொண்டிருக்கிறது. ரேஷன் சீமெண்ணெய் கிடைக்காத இடத்தில் டீசலை ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பில்டர் பாயிண்ட் குழாய்க் கிணற்றுக் கொட்டகையில் பல வருஷமாகச் சும்மா கிடந்த எஞ்சினை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கியபோது எனக்கும் இதே யோசனைதான் வந்தது. "சீமெண்ணெய ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு வடிச்சிருங்க தம்பி, கசடெல்லாம் வந்துரும்" என்றார் மெக்கானிக்.

"இது யாருண்ணே சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்கப்பா செஞ்சாரு, நான் செய்யறேன்."

அவர் அப்பாவுக்கு யார் சொன்னது என்பதுதான் என் கேள்வி.

எஞ்சினிலிருந்தே தொடங்கினேன். எங்களுடையது லிஸ்டர் மாதிரி. இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்றொரு சிற்றூர். அங்கே 1867-இல் தொடங்கிய ஆர்.ஏ. லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். வகை டீசல் எஞ்சின்தான் இதன் மூலம். ஒற்றை சிலிண்டர், இருபுறமும் இரண்டு கனத்த பிளைவீல், நிமிஷத்துக்கு 600, 650 சுற்றுதான் வேகம். அசல் நின்று பல காலமாகிவிட்டது. அதன் நகல்களை ராஜ்கோட்டுப் பட்டறைகள் உலகம் முழுவதும் அனுப்பின.

இந்த எஞ்சினுக்குள் ஆயில் பில்டர் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போல ஒரு நாக்கு இருக்கும். சுற்றுக்கு ஒருமுறை அது சம்ப்பில் இருக்கும் ஆயிலைத் தட்டித் தெறிக்கவிடும். தெறித்த ஆயில்தான் பெரிய பேரிங்குக்கும் லைனருக்கும் போகிறது. ஆயிலில் சேரும் அழுக்கைப் பிடித்து நிறுத்த உள்ளே எதுவுமே இல்லை. கீழே படிவதுதான் அதற்கு ஒரே வழி.

கிரேங்க் கேஸின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினேன். மேலே இருந்தது வெறும் கறுப்பு ஆயில். அதை வடித்தால் கீழே அல்வாப் பதத்தில் ஒரு படலம். அதையும் மட்டையால் வழித்தெடுத்தால் அடியில் நறநறவென்று ஏதோ தட்டியது. காந்தத்தைக் காட்டினால் கொஞ்சம் ஒட்டியது, அது இரும்புத் தூள். ஒட்டாமல் நின்றதை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மணல்! எஞ்சினை வார்த்தபோது அச்சிலிருந்து ஒட்டிய மணல் சரியாகத் தட்டி எடுக்கப்படாமல் பெயின்டுக்கு அடியில் தங்கியிருந்து, ஓட ஓட உதிர்ந்திருக்கிறது. இந்தியாவில் செய்த லிஸ்டர் நகல்களை வாங்கும் அமெரிக்கர்கள் முதல் வேலையாக எஞ்சினைப் பிரித்து இந்த மணலைச் சுரண்டுவார்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஊரில் வாங்கிய அன்றே தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இந்த அழுக்கெல்லாம் கழுவியே தீர வேண்டியதுதான். ஆனால் சீமெண்ணெய் எங்கிருந்து வந்தது? பழைய வண்டிகளோடு கொடுத்த கையேடுகளைத் தேடிப் படித்தபோது போர்டு கம்பெனியின் மாடல் டி காருக்கான புத்தகத்தில் அது கிடைத்தது. அது பெட்ரோல் எஞ்சின், ஆனால் அதிலும் பில்டர் இல்லை. பம்பும் இல்லாததால் ஆயில் தெறித்துத்தான் வேலை செய்யும். புது வண்டி 400 மைல் ஓடியதும் அழுக்கு ஆயிலை வடித்துவிட்டு ஒரு காலன் சீமெண்ணெய் ஊற்ற வேண்டும். எஞ்சினைக் கையால் பதினைந்து இருபது முறை சுற்ற வேண்டும். பிறகு வடித்துவிட்டுப் புது ஆயில். அதற்கப்புறம் 750 மைலுக்கு ஒருமுறை இதே வேலை. பள்ளங்களில் தேங்கிய சீமெண்ணெயும் வெளியேற வேண்டும் என்பதற்காக, வண்டியை நடைபாதை விளிம்பு உயரத்துக்குச் சரிவில் ஏற்றி நிறுத்தச் சொல்கிறது புத்தகம். 1908-இலிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட கார் அது. எஞ்சினைக் கழுவும் வித்தை அதனோடு ஊர் ஊராகப் போயிருந்தால் வியப்பென்ன?

மெக்கானிக்கின் அப்பா செய்ததற்கு அச்சிட்ட ஆதாரம் இருந்திருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். புத்தகம் கையால் சுற்றச் சொல்கிறது. ஸ்டார்ட் செய்யச் சொல்லவே இல்லை. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், சீமெண்ணெய்க்கு வழுவழுப்புக் கிடையாது, அதில் எஞ்சினை ஓட்டினால் பேரிங்கும் ரிங்கும் தேயும் என்று. நம் கையில் வந்தபோது 'கையால் சுற்று' என்பது 'அஞ்சு நிமிஷம் ஓட்டு' என்று ஆகிவிட்டது.

அப்படியானால் இன்றைய கையேடுகள் ஏன் சீமெண்ணெயைப் பற்றிப் பேசுவதில்லை? இதற்கு விடை டீசல் எஞ்சினின் கரியில் இருக்கிறது. 1931-இல் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கம்பெனி டீசல் டிராக்டர் செய்து விற்கத் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சினைவிட இவற்றில் சூடும் அதிகம், கரியும் அதிகம். பிஸ்டன் காடிகளில் கரியும் பிசினும் இறுகி, ரிங்குகள் அசைய முடியாமல் ஒட்டிக்கொண்டன. ரிங் ஒட்டினால் கம்ப்ரஷன் போகும், ஆயில் எரியும், மேலும் கரி சேரும். சீமெண்ணெய் சம்ப்பைத்தான் கழுவும், ரிங் காடிக்குள் போய் அது என்ன செய்துவிட முடியும்? 1930-களின் நடுவில் கேட்டர்பில்லரும் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியும் சேர்ந்து ஒரு வழி கண்டன. ஆயிலிலேயே ஒருவகை உலோகச் சோப்பைக் கரைத்தார்கள். கரியைப் படியவிடாமல் ஆயிலோடு மிதக்க வைத்து, ஆயில் மாற்றும்போது அதோடு சேர்த்து வெளியே அனுப்புவது அந்தச் சோப்பின் வேலை. இன்றும் விற்பனையில் இருக்கும் டெலோ ஆயில் அந்த வழியில் வந்ததுதான். புதிதில் அதற்கும் வில்லங்கம் இருந்தது, செம்பும் ஈயமும் கலந்த பேரிங்குகளை அரித்தது. பிறகு அதையும் சரிசெய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் இத்தகைய ஆயிலைத்தான் கேட்டது. 1947-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் ஆயில்களை ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி என்று மூன்றாகப் பிரித்தபோது, டீசலுக்கான சோப்பு ஆயில் ஹெவி டியூட்டி ஆனது.

கழுவும் வேலை அன்றிலிருந்து ஆயிலுக்குள்ளேயே போய்விட்டது. ஊற்றிய கொஞ்ச நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டது, கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கறுக்காமலே இருந்தால்தான் கரி உள்ளே எங்கோ படிகிறதா என்று யோசிக்க வேண்டும்.

பில்டரும் பம்பும் உள்ள எஞ்சினில் சீமெண்ணெய் ஊற்றி ஓட்டுவது தேவையில்லாதது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பல வருஷம் அடியில் இறுகிக் கிடந்த கசடு பாளம் பாளமாகப் பெயரும். அதன் ஒரு துண்டு பம்பு உறிஞ்சும் சல்லடையை அடைத்தாலே போதும், பேரிங்குக்கு ஆயில் வராது. தப்பித்தாலும் துளைகளில் தங்கிய சீமெண்ணெய் புது ஆயிலை நீர்க்க வைக்கும். நடைபாதையில் ஏற்றிச் சரிக்க உங்கள் எஞ்சின் மாடல் டி இல்லை.

எங்கள் எஞ்சினைக் கடைசியில் பழைய புத்தகத்தின் வழியில்தான் சுத்தம் செய்தேன். கதவைத் திறந்து வைத்து, மட்டையால் வழித்து, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலால் சுற்றி, சீமெண்ணெய் நனைத்த துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். பனியன் வேஸ்ட்டை மட்டும் கிட்டே விடவில்லை, அதன் நூல் உதிர்ந்து உள்ளே தங்கும். மணல் உதிரும் இடத்தைச் சுரண்டி, ஆயிலுக்குக் கரையாத பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எங்கப்பாவும் ஹேண்டில்லதான் சுத்துவாரு, எனக்குத்தான் பொறுமை கெடையாது" என்றார்.

உங்களிடம் பில்டர் இல்லாத பழைய எஞ்சின் இருந்தால் சீமெண்ணெயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் கையால் சுற்றுங்கள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்து எடுங்கள். பில்டர் இருந்தால் சீமெண்ணெய் வாங்கும் காசுக்கு நல்ல டீசல் எஞ்சின் ஆயில் வாங்கி, கையேடு சொன்ன மணிக்கணக்குக்கு முன்னாலேயே ஒருமுறை மாற்றிவிடுங்கள்.