70 வளைவுக்கு மேலே

கொல்லிமலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. அதன் வராந்தாவில் பல் முகாம். மிளகு பறிப்பு மும்முரமாக நடக்கிற மாதம். இருந்தும் ஒன்பது மணிக்கே வரிசை கொடிக்கம்பம் வரை நீண்டிருக்கிறது. கீழேயிருந்து ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வேன் வந்திருக்கிறது. இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு ஜெனரேட்டர், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், நான்கைந்து இளம் டாக்டர்கள். வரிசையில் பேச்சுச் சத்தமே இல்லை. துண்டாலும் முந்தானையாலும் பாதிப்பேர் தாடையைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

முதல் ஆள் ஒரு பெரியவர். வலக்கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கிடக்கிறது. கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை பிடித்துப் பார்த்தாராம், கேட்கவில்லை. எருக்கம்பால் வைத்ததில் ஈறு வெளுத்துப் புண்ணாகியிருக்கிறது. டாக்டர் பல்லைத் தொடுமுன் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார். எக்கச்சக்கம். "ஐயா, இன்னிக்குப் பல்லை எடுக்க முடியாதுங்க. பிரஷர் இறங்கணும். மாத்திரை தர்றேன், செம்மேடு ஆஸ்பத்திரியில காட்டுங்க." தனக்குப் பிரஷர் இருப்பதே பெரியவருக்கு இப்போதுதான் தெரிகிறது. மாத்திரையை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு நகர்கிறார்.

அடுத்து ஒரு பெண். முப்பது வயதிருக்கலாம். கீழ்க் கடைவாய்ப்பல்.

"எத்தனை நாளா வலிக்குதுங்கக்கா?"

"ஆடிப் பதினெட்டுல இருந்து."

ஐந்தாறு மாதம். கிராம்பு, உப்பு, மளிகைக் கடை வலி மாத்திரை என்று ஓட்டியிருக்கிறார். டாக்டர் கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இந்தப் பல்லைக் காப்பாத்திடலாங்கக்கா. வேர் சிகிச்சை பண்ணி மேல ஒரு கேப் போட்டா நல்லா இருக்கும்."

"எங்கிங்க?"

"நாமக்கல்லோ சேலமோ. மூணு தடவை வர்ற மாதிரி இருக்கும்."

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடை, பிறகு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் காரவள்ளி, அப்புறம் சேந்தமங்கலம், நாமக்கல். அங்கே காத்திருப்பு. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். இப்படி மூன்று நாள், மூன்று நாள் கூலி, சிகிச்சைக்குத் தனியாகப் பணம். கணக்கு முடிந்துவிட்டது.

"புடுங்கிடுங்க."

டாக்டர் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறார். அந்தப் பெண் வாயைத் திறந்தபடியே தலையை ஆட்டுகிறார். ஊசி. உதடு மரத்துப்போகும்வரை ஓரமாக உட்காரவைக்கிறார்கள். பிறகு இடுக்கி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து அசைத்து ஓர் இழுப்பு. பல் எஃகுத் தட்டில் விழுகிறது. இரண்டு வேரும் முழுசாக, உறுதியாக இருக்கின்றன. ஓட்டை ஒரு பக்கம் மட்டும்தான். அந்தப் பல்லைப் பிடுங்கியதில் சொத்தைக்குப் பாதிப் பங்கு என்றால் தூரத்துக்குப் பாதிப் பங்கு. முப்பது வயதில் மெல்லும் பல் ஒன்று போயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் போகிறார்.

நாட்டில் 300-க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் நகரத்தில்தான் நாற்காலி போடுகிறார்கள். தேசிய வாய்நலத் திட்டம் 2014-15இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவை வலுப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. நல்ல காரியம். ஆனால் மலைமேல் இருப்பவருக்குப் பல் வைத்தியம் இன்னும் பஸ் பிடித்துப் போகிற வைத்தியமாகவே இருக்கிறது.

பதினொன்றரைக்கு வரிசை நிற்கிறது. இடுக்கிகள் தீர்ந்துவிட்டன. எல்லாம் ஆட்டோகிளேவுக்குள். அது முடிந்து கருவிகள் ஆறும்வரை டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு வாயாகப் பார்க்கிறார்கள்.

ஒரு சிறுமி, இரண்டாம் வகுப்பு. கடைசிப் பல்லில் பழுப்பாக ஒரு குழி. "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்" என்கிறார் கூட வந்த பாட்டி. ஊரெல்லாம் அப்படித்தான் நினைக்கிறது. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல் அது. ஆயுசுக்கும் அதுதான். "இது போனா வேற முளைக்காது ஆயா" என்று டாக்டர் சொன்னதும் பாட்டி குனிந்து பேத்தியின் வாய்க்குள் தானே பார்க்கிறார்.

இந்தக் குழியை அடைக்க மின்சாரமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கரண்டி போன்ற குட்டிக் கருவியால் மெத்தென்ற சொத்தையைச் சுரண்டி எடுக்கிறார் டாக்டர். பஞ்சால் ஈரம் ஒற்றுகிறார். ஒரு பொடி, ஒரு திரவம். வழவழப்பான தாளில் வைத்துக் குழைத்துக் குழிக்குள் அடைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்திப் பிடிக்கிறார். சில நிமிடத்தில் இறுகிவிட்டது. சிறுமி அழவில்லை. 1980-களில் தான்சானியாவில் உருவாகிப் பரவிய முறை இது. அந்தப் பொடியும் திரவமும் சேர்ந்த கிளாஸ் அயனோமரை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஃபுளோரைடு பற்பசையும் அதே ஆண்டு சேர்ந்தது.

கிராம சுகாதார செவிலியர் பக்கத்திலேயே நின்று அந்த விரலை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். இந்த மலையின் ஒவ்வொரு வீட்டுப் படியும் அவருக்குத் தெரியும். தடுப்பூசி போடுகிற கை.

"மேடம், இதைக் கத்துக்கொடுத்தா நாங்க செய்ய மாட்டோமா?"

"செய்வீங்கக்கா. சட்டம் விடாது. பல் டாக்டர்தான் அடைக்கணும்."

நியூசிலாந்தில் 1921-லிருந்தே பெண்களுக்கு இதற்கெனத் தனிப் பயிற்சி கொடுத்துப் பல் செவிலியர்களாகப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளின் பல்லை அவர்களே அடைத்தார்கள். பயிற்சியும் மேற்பார்வையும் சரியாக இருந்தால் இங்கேயும் முடியும். இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய இடத்தில் உரக்கக் கேட்க வேண்டும்.

செவிலியர் விடவில்லை. "அடைக்கத்தானே கூடாது? கண்டுபிடிக்கலாமில்ல?"

டாக்டர் சிரித்துக்கொண்டே டார்ச்சையும் கண்ணாடியையும் நீட்டுகிறார். செவிலியர் அடுத்த பையனின் கன்னத்தை விரலால் விலக்கிக் கடைசிப் பல்லைத் தேடுகிறார். ஆட்டோகிளேவ் முடிந்து பெரியவர்களின் வரிசை மறுபடி நகரத் தொடங்கிவிட்டது. செவிலியர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பையும் கூப்பிடச் சொல்லிவிட்டு, வகுப்பு வாரியாகப் பெயர் எழுத நோட்டுப் புத்தகம் கேட்கிறார்.