கரிக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்

பெட்ரோல் காரில் என்ஜின், டயர், ஏர்கான் எல்லாவற்றையும் கவனிக்கிறோம். கறுப்புக் கரி நிரம்பிய ஒரு சின்ன டப்பாவும் அதில் இருப்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர் வெயிலில் நிற்கும் காரின் டாங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போகாமல் பிடித்து வைப்பது இந்தக் கரிதான். கார் ஓடும்போது என்ஜின் வெளிக்காற்றைக் கரி வழியாக இழுத்து, அந்த ஆவியை எரித்துவிடும்.

வேதிப் பொறியியல் படித்த எனக்கு இந்தக் கரிமேல் தனிப் பிரியம். உள்ளே முழுக்க நுண்துளைகள். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். பத்து நான்கறை வீவக வீடுகளின் அளவு! அந்தச் சுவர்களில்தான் பெட்ரோல் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன.

சுவர்களும் சும்மா இருப்பதில்லை. குறுகிய துளைக்குள் முதலில் நுழையும் சில மூலக்கூறுகள் இரு பக்கச் சுவர்களையும் தம்மை நோக்கி இழுக்கும். கரி சற்றுச் சுருங்கும். கூட்டம் சேர்ந்ததும், தீபாவளி நேரத்துக் கேம்பல் லேன் மாதிரி நெருக்கியடித்துச் சுவர்களைத் தள்ளும்; கரி வீங்கும். வாயுவை ஏற்கும் கரி வீங்குவதை மீஹன் 1927இல் அளந்து எழுதினார். முதலில் சுருங்கிப் பிறகு வீங்குவதை ஹெய்ன்ஸ், மெக்கின்டாஷ் இருவரும் 1947இல் கரித் தண்டுகளில் கண்டார்கள். நீளத்தில் 1,000இல் சில பங்கு மாற்றம்தான். ஆனால் சிஓஇயின் 10 ஆண்டுகளும் கரி இப்படி ஏற்றும் இறக்கியும் உழைக்க வேண்டும். துகள்கள் நகர்ந்து உரசிப் பொடியாகாமல் இருக்க, பல டப்பாக்களில் சுருள்வில் வைத்து அழுத்தியிருப்பார்கள்.

என் மாமா ஜொகூருக்குப் போனால் டாங்க்கைத் தளும்பத் தளும்ப நிரப்புவார். பம்ப் ‘டக்’கென்று நின்ற பிறகும், “இன்னும் அஞ்சு வெள்ளிக்குப் பிடிக்கும் மாப்ள” என்பார். ஒருநாள் தேக்காவில் காரை நிறுத்தியபோது அவர் பேத்தி, “தாத்தா, பெட்ரோல் நாத்தம்” என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தால், கரி டப்பா பெட்ரோலில் ஊறிப் போயிருந்தது.

“மாமா, கரி ஆவியைப் பிடிக்கத்தான். பெட்ரோலே உள்ளே போய்த் துளைகளை அடைச்சுட்டா, அடுத்து வர்ற ஆவிக்கு எங்கே இடம்?” என்றேன். புது டப்பாவின் விலையைக் கேட்ட மாமா, “அஞ்சு வெள்ளியில லாபம் பார்க்கப் போயி…” என்று தலையைச் சொறிந்தார்.

காசு போனால் போகட்டும். பெட்ரோல் ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. நாம் காரை நிறுத்துவதோ பிள்ளைகள் விளையாடும் புளோக்குக்குப் பக்கத்தில். பம்ப் தானாக நின்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். நின்ற காரில் பெட்ரோல் வாடை வந்தால் உடனே காட்டுங்கள். டாங்கின் மேலே மிஞ்சும் அந்தக் காலி இடம் வீணில்லை. வெயிலில் பெட்ரோல் விரிவதற்காக விட்டு வைத்த இடம் அது.